டாக்டரிடம் கேளுங்கள்: முதியோர் இல்லத்துக்குள் கிருமி புகுந்தால்

முதியோர் இல்லங்களில் பரவும் நோய்களைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் ஒரு பாரா எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிடலாம் போலிருந்தது. கொடுத்துவிட்டேன். சர்க்கரை, மூட்டுவலிக் கேள்விகள் அடுத்த இதழில்.

என் அம்மம்மா இங்கே ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறா. போன மாதம் அவவின் தளத்தில் இரண்டு பேருக்கு இருமல் வந்த உடனேயே வாசலில் 'தொற்றுப் பரவல்' என்று அறிவிப்பு ஒட்டி, எங்களை உள்ளே விடாமல் விட்டார்கள். இரண்டு பேர் இருமினால் அது பரவலா? இங்கேயுள்ள பழைய ஆட்கள் 2005இல் நடந்த ஏதோ ஒன்றை இன்னும் கதைக்கிறார்கள். அது என்ன டாக்டர்?
(வாசகி, ஸ்கார்பரோ, கனடா)

உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான், ஆனால் அந்த இல்லம் செய்தது சரி. ஒரே தளத்தில், 48 மணி நேரத்துக்குள், இரண்டு பேருக்கு ஒரே மாதிரி மூச்சுக்குழாய்த் தொந்தரவு வந்தால் பரவல் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும் என்பது உங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் நெடுங்காலமாக இருக்கும் நடைமுறை. எண்ணிக்கையை இவ்வளவு குறைவாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எண்பது, தொண்ணூறு வயதில் உடம்பு சத்தம் போட்டு நோயைச் சொல்லாது. நிமோனியா வந்திருக்கும், காய்ச்சல் இருக்காது. நேற்று வரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்னவர் இன்று இது எந்த ஊர் என்று கேட்பார், அல்லது காலை உணவைத் தள்ளி வைப்பார், அல்லது பாத்ரூம் போகும் வழியில் விழுவார், அவ்வளவுதான் அறிகுறி. இரண்டு பேர் வெளிப்படையாக இருமுகிறார்கள் என்றால், இருமாமல் சுருண்டு படுத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

2005இல் நடந்தது உங்கள் ஊரிலேயேதான். ஸ்கார்பரோவில் டொராண்டோ மாநகராட்சி நடத்தும் செவன் ஓக்ஸ் முதியோர் இல்லம். செப்டம்பர் கடைசியில் அங்கே ஒருவர் பின் ஒருவராக நிமோனியாவில் விழுந்தார்கள். முதல் சந்தேகம் ஃப்ளூ, இல்லை என்று வந்தது. மற்ற வைரஸ்களும் இல்லை. சார்ஸ் வந்து போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கனடாவில் 44 பேரைக் கொன்ற நோய், அதிலும் பெரும்பகுதி டொராண்டோ வட்டாரம், ஆகவே பெயர் தெரியாத நிமோனியா என்றதும் ஊரே எப்படிப் பதறியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இல்லத்தில் இருந்தவர்கள் மட்டுமல்லாமல் வேலை செய்தவர்களும், பார்க்க வந்துபோனவர்களும் படுத்தார்கள். அக்டோபர் முதல் வாரத்தில், இறந்தவர்களின் நுரையீரல் திசுவைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது: லெஜியனெல்லா என்ற பாக்டீரியா. இல்லத்தில் வசித்த 23 பேர் இறந்தார்கள், வேறு 112 பேர் நோயுற்றுப் பிழைத்தார்கள். கிருமி வந்தது கட்டடத்தின் ஏசிக்கான கூலிங் டவரிலிருந்து, அதாவது ஏசி இழுத்த வெப்பத்தைத் தண்ணீரை வைத்து ஆற்றும் அமைப்பிலிருந்து.

பதறிய ஊருக்கு அது ஒரு விதத்தில் நிம்மதியான செய்தி. லெஜியனெல்லா ஒருவர் இருமி இன்னொருவருக்குத் தொற்றும் நோயாகப் பொதுவாக இருப்பதில்லை. உலகம் முழுக்கத் தேடினால், 2014இல் போர்ச்சுகலில் மகனிடமிருந்து தாய்க்குப் போயிருக்கலாம் என்று ஒரே ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. செத்தவர்களின் குடும்பத்துக்கு இதில் என்ன நிம்மதி என்று கேட்டால் பதிலில்லை.

கனடா மாதிரி வசதியான நாட்டில், பெரிய பெரிய லேப் இருக்கும் ஊரில், ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடிக்க இத்தனை நாளா? சிறுநீரில் பார்த்தாலே லெஜியனெல்லா தெரிந்துவிடும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறதே.
(மருத்துவ மாணவர், யாழ்ப்பாணம்)

தம்பி, பாடத்தில் அதற்கு அடுத்த வரியையும் படியுங்கள். அந்தச் சிறுநீர்ப் பரிசோதனை முக்கியமாக லெஜியனெல்லா நியூமோபிலா என்ற இனத்தின் முதலாம் வகையைத்தான் பிடிக்கும். வேறு வகை என்றால் கோட்டை விட்டுவிடும், முதலாம் வகையாகவே இருந்தாலும் எல்லாரிடமும் பிடிக்காது. செவன் ஓக்ஸிலும் முதலில் பார்த்த சிறுநீர்ச் சோதனைகள் 'இல்லை' என்றுதான் சொல்லின. நாலைந்து பேரிடம் இல்லை என்று வந்தால் அந்த நாலைந்து பேரிடம் அந்த முறையில் தெரியவில்லை என்று மட்டும்தான் பொருள், ஆனால் நெருக்கடி நேரத்தில் 'நெகட்டிவ்' என்ற தாளைப் பார்த்ததும் பட்டியலில் அந்தப் பெயரை அடித்துவிடத்தான் எல்லாருக்கும் கை போகும்.

கல்ச்சரும், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனையும், அப்படித்தான். சளியைச் சாதாரணத் தட்டில் போட்டு வைத்தால் இது முளைக்காது. கரியும் ஈஸ்ட் சத்தும் இரும்பும் சிஸ்டீனும் கலந்த தனித் தட்டு வேண்டும், அதிலும் மூன்று முதல் ஐந்து நாள், சில சமயம் அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். 'லெஜியனெல்லாவுக்கும் பாருங்கள்' என்று லேபுக்கு எழுதி அனுப்பாவிட்டால் யாரும் அந்தத் தட்டை எடுக்க மாட்டார்கள். போதாததற்கு, இந்த வயதில் சளி எடுப்பதே பெரும்பாடு. தூங்கித் தூங்கி வழியும் ஒரு பாட்டியை 'நல்லா இருமித் துப்புங்க' என்றால் எச்சில்தான் வரும்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிமோனியா என்றதும் வழக்கமாகப் போடும் பெனிசிலின் குடும்ப மருந்துகள், செஃப்ட்ரியாக்சோன் உட்பட, இதற்கு வேலை செய்யாது, ஏனென்றால் இந்தக் கிருமி நம் பாதுகாப்பு அணுக்களுக்கு உள்ளேயே குடியிருக்கும். அசித்ரோமைசினோ லீவோஃப்ளாக்சசினோ வேண்டும். ஆகவே பெயர் தெரிவது வெறும் அறிக்கைக்கான விஷயம் இல்லை, அடுத்த நோயாளிக்கு என்ன ஊசி என்பதே அதில்தான் இருக்கிறது.

விசாரணை, விசாரணை என்கிறார்களே, அதில் உண்மையில் என்னதான் செய்வார்கள்? சுவரையும் குழாயையும் பஞ்சால் துடைத்து எடுத்துப் போவதுதானா?
(வாசகர், திண்டுக்கல்)

அது பிறகு. முதலில் ஒரு தாள்.

நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. நான் பார்த்த வரையில் இந்த வேலையில் ஒரு நோட்டும் பேனாவும் செய்வதை எந்த மெஷினும் செய்வதில்லை. முதலில் 'யாரை நோயாளி என்று எண்ணுவது' என்று ஒரு வரையறை எழுதுவார்கள்: இந்தத் தேதியிலிருந்து, இந்தக் கட்டடத்தில், இந்த அறிகுறிகளில் இத்தனை இருப்பவர். பிறகு ஆளுக்கு ஒரு வரி. அறை எண், வயது, தொந்தரவு ஆரம்பித்த நாளும் நேரமும், காய்ச்சல் அளவு, சாப்பாட்டு ஹாலில் எந்த மேஜை, தானாகச் சாப்பிடுகிறாரா ஊட்ட வேண்டுமா, சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறதா, புண் இருக்கிறதா, யார் குளிப்பாட்டினார், கடந்த பத்து நாளில் ஆஸ்பத்திரி போய் வந்தாரா, என்னென்ன மருந்து. முப்பது வரி சேர்ந்த பிறகு அந்தத் தாளை மேலிருந்து கீழாகப் பாருங்கள், 'யார் குளிப்பாட்டினார்' என்ற பத்தியில் ஒரே ஆயாவின் பெயர் பத்து தடவை வரும், அல்லது மூன்றாம் தளத்தில் கிழக்குப் பக்க அறைகள் மட்டும் வரும். நோய் வராதவர்களையும் இதே மாதிரி எழுத வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். நோய் வந்தவர்கள் எல்லாரும் தயிர்சாதம் சாப்பிட்டார்கள் என்பதில் ஒன்றுமே இல்லை, வராதவர்களும் தயிர்சாதம் சாப்பிட்டிருந்தால்.

அப்புறம் எந்த நாளில் எத்தனை பேர் படுத்தார்கள் என்று கட்டம் போடுவார்கள். ஒரே வேளைச் சாப்பாட்டில் வந்தது என்றால் அந்தப் படம் மலை மாதிரி சட்டென ஏறி இறங்கும். ஆளுக்கு ஆள் தொற்றினால் அலை அலையாக வரும். கூலிங் டவர் மாதிரி தொடர்ந்து கக்கிக்கொண்டிருக்கும் இடம் என்றால் ஏறிய கோடு இறங்காமல் இழுத்துக்கொண்டே போகும். இவ்வளவும் முடிந்தால்தான் பஞ்சை எடுத்துக்கொண்டு எங்கே துடைப்பது என்றே தெரியும்.

காய்ச்சல் என்று எதைச் சொல்வது என்பதற்குக்கூட முதியவர்களுக்குத் தனி அளவு இருக்கிறது. வாயில் வைத்துப் பார்த்தால் ஒரு தடவை 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல், அல்லது திரும்பத் திரும்ப 99க்கு மேல், அல்லது அவருடைய வழக்கமான சூட்டைவிட 2 டிகிரி அதிகம். பராமரிப்பு இல்லங்களில் எதைத் தொற்று என்று எண்ணுவது என்பதற்கான வரையறைகளை 1991இல் தொகுத்தவர் டொராண்டோவைச் சேர்ந்த நுண்ணுயிரியல் மருத்துவர் ஆலிசன் மெக்கீர், அவர் பெயரிலேயே அவை வழங்குகின்றன, 2012இல் திருத்தினார்கள். 2003 சார்ஸின்போது நோயாளிகளைப் பார்க்கப் போய்த் தானே சார்ஸ் வந்து படுத்தவர் அவர்.

கூலிங் டவர்தான் காரணம் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? அதே தண்ணீரில் எல்லா இடத்திலும் அந்தக் கிருமி இருக்காதா? பழியை ஒரு மெஷின் மேல் போட்டுத் தப்பிக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.
(ஓய்வுபெற்ற பொறியாளர், நெய்வேலி)

உங்கள் சந்தேகம் நல்ல சந்தேகம். லெஜியனெல்லா ஆற்றிலும் ஏரியிலும் இருக்கும், எங்கே தண்ணீர் எடுத்தாலும் கொஞ்சம் வரலாம், அதனால் டவரில் இருந்தது என்பது மட்டும் ஒன்றையும் நிரூபிக்காது. நோயாளியின் நுரையீரலில் இருந்ததும் டவரில் இருந்ததும் ஒரே வம்சமா என்று பார்க்க வேண்டும். செவன் ஓக்ஸில் நுரையீரல் மாதிரிகளிலிருந்து கிடைத்த கிருமியையும் கட்டடத்தில் எடுத்ததையும் முதலில் டிஎன்ஏ துண்டுகளின் நீள வரிசையை வைத்து ஒப்பிட்டார்கள், பொருந்தியது. அதோடு விடவில்லை. குறிப்பிட்ட ஆறு மரபணுக்களை எழுத்து எழுத்தாகப் படித்து ஒப்பிடும் ஐரோப்பிய முறையிலும் பார்த்தார்கள், அதிலும் பொருந்திய பிறகே டவரை உறுதி செய்தார்கள்.

நீங்கள் பொறியாளர், கூலிங் டவரின் உள்ளே உங்களுக்குத் தெரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏசி இழுத்த வெப்பத்தைச் சுமந்து வரும் வெதுவெதுப்பான தண்ணீரை மேலிருந்து பிளாஸ்டிக் அடுக்குகள் மேல் ஒழுகவிட்டு, பெரிய விசிறியால் காற்றை எதிரே இழுப்பார்கள். தண்ணீரில் ஒரு பகுதி ஆவியாகி மீதி குளிரும். அந்த அடுக்குகளில் கை வைத்தால் வழவழவென்று ஒரு படலம் ஒட்டும், மருந்து ஒழுங்காகப் போடாத டவரில் அது இன்னும் தடிமனாக இருக்கும். லெஜியனெல்லாவுக்கு அதுதான் வீடு. படலத்தில் வாழும் அமீபாக்களுக்குள்ளேயே புகுந்து பெருகும். விசிறி இழுக்கும் காற்றோடு பொடித் துளிகளும் கிளம்பும், கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய துளிகள்தான் நுரையீரலின் அடி வரை போகும். எவ்வளவு தூரம் போகும் என்றால், 2003 கடைசியில் பிரான்ஸின் பா-து-கலே பகுதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் டவர்களிலிருந்து கிளம்பி 6 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தவர்களைப் பிடித்தது. 86 பேருக்கு நோய், 18 பேர் இறந்தார்கள்.

இந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்ட கதையும் உங்கள் மாதிரி சந்தேகக்காரர் ஒருவரால்தான். 1976 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் பெல்வியூ-ஸ்ட்ராட்ஃபோர்ட் ஹோட்டலில் அமெரிக்க முன்னாள் படைவீரர் சங்க மாநாடு நடந்தது, வந்தவர்களில் பலர் வயதானவர்கள். அவர்களும் அந்த ஹோட்டல் பக்கம் போனவர்களுமாக 221 பேர் நோயுற்று 34 பேர் இறந்தார்கள். விஷமா, வைரஸா, சதியா என்று மாதக்கணக்கில் பேசினார்கள். அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தில் ஜோசஃப் மெக்டேட் என்பவர் சோதனை விலங்குகளின் திசுவில் சில கோல் வடிவக் கிருமிகளைப் பார்த்துவிட்டு, ஏதோ கலப்படம் என்று முதலில் ஒதுக்கியிருந்தார். மனசு கேட்காமல், கிறிஸ்துமஸ் விடுமுறையில் அதே கண்ணாடித் தகடுகளை எடுத்து மறுபடி உட்கார்ந்தார். 1977 ஜனவரியில் காரணம் அறிவிக்கப்பட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்து நடந்ததுதான். 1965இல் வாஷிங்டன் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் காரணமே தெரியாமல் ஒரு நிமோனியா பரவியிருந்தது, அந்த நோயாளிகளின் ரத்த சீரத்தை யாரோ புண்ணியவான் உறைய வைத்துப் பத்திரப்படுத்தியிருந்தார். அதை எடுத்துப் பார்த்தால் அதுவும் இதே கிருமி.

எங்கள் வீட்டு ஸ்பிளிட் ஏசியிலிருந்து இது வருமா?
(வாசகி, வேலூர்)

வராது. அதில் தண்ணீரைத் தெளித்துக் குளிர்விக்கும் வேலையே இல்லை. சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

நான் ஒரு கல்யாண மண்டபத்தில் சமையல் வேலை பார்த்தவன். இப்போது ஒரு முதியோர் இல்லத்துக்கு இரண்டு வேளை சமைத்துக் கொடுக்கிறேன். சாப்பாட்டில் ஏதாவது ஆனால் எல்லாரும் என்னைத்தான் பிடிப்பார்கள். எதில் கவனமாக இருக்க வேண்டும் ஐயா?
(வாசகர், மதுரை)

கேட்டதே பெரிய விஷயம், ஐயா. இரண்டு சம்பவங்கள் சொல்கிறேன், இரண்டும் சமையலறையில் தொடங்கியவை.

1985 செப்டம்பர், ஒன்டாரியோவில் லண்டன் என்றே பெயருள்ள ஊர். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் 169 பேர் இருந்தார்கள், 55 பேருக்கு ரத்தபேதி, ஊழியர்களிலும் 137 பேரில் 18 பேருக்கு. காரணம் ஈ.கோலை ஓ157 என்ற கிருமி. நோயுற்ற முதியவர்களில் 19 பேர் இறந்தார்கள். நாள்வாரியாகக் கட்டம் போட்டதில் இரண்டு அலை தெரிந்தது: முதல் அலைக்குக் காரணம் அநேகமாக ஒரு நாள் கொடுத்த சாண்ட்விச், இரண்டாவது அலை ஆளிடமிருந்து ஆளுக்குக் கை வழியாக. இந்தக் கிருமி நூறுக்கும் குறைவான எண்ணிக்கையில் உள்ளே போனாலே போதும், அதனால்தான் இரண்டாவது அலை. முன்பு ஆபரேஷனில் இரைப்பையை எடுத்தவர்கள் முதல் அலையில் அதிகம் மாட்டினார்கள். வயிற்று அமிலம்தான் கிருமிக்கு முதல் காவல், அது அவர்களிடம் இல்லை. (இன்று இரைப்பையை யாரும் அவ்வளவு எடுப்பதில்லை, ஆனால் முதியவர்களில் பலர் காலையில் எழுந்ததும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை போடுகிறார்கள், அமிலத்துக்கு நேரும் கதி ஏறக்குறைய அதேதான்.) வேறு எதற்காகவோ ஆன்ட்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டாவது அலையில் அதிகம் மாட்டினார்கள்.

இன்னொன்று இங்கிலாந்தில், 1984 ஆகஸ்டில், வேக்ஃபீல்டு ஊரின் ஸ்டான்லி ராய்ட் மனநல மருத்துவமனையில். முதியவர்கள் நிறைய இருந்த இடம். சமைத்த மாட்டிறைச்சியை வெயில் காலத்தில் குளிரூட்டாமல் வெளியே வைத்திருந்து மறுபடி பரிமாறியதில் சால்மனெல்லா என்ற கிருமி. 355 நோயாளிகளும் 106 ஊழியர்களும் படுத்தார்கள், 19 நோயாளிகள் இறந்தார்கள். அரசு மருத்துவமனைச் சமையலறை மேல் உணவுச் சட்டப்படி வழக்கே போட முடியாத நிலை அங்கே அதுவரை இருந்தது. இது நடந்த பிறகு 1986இல் சட்டத்தைத் திருத்தி அந்த விலக்கை எடுத்தார்கள்.

உங்களுக்கு: மதியம் வடித்த சோறும் குழம்பும் இரவு வரை அண்டாவிலேயே வெதுவெதுப்பாக உட்கார்ந்திருக்கக் கூடாது. ஒன்று கொதிக்கக் கொதிக்க வையுங்கள், இல்லையென்றால் அகலமான தட்டுகளில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், இடைப்பட்ட சூடு ஆகாது. பச்சை இறைச்சி வெட்டிய கத்தியும் பலகையும் வெள்ளரிக்காய்க்குப் போகக் கூடாது. பேதி என்றால் அன்று சமையலுக்கு வராதீர்கள், உதவியாளரையும் விடாதீர்கள், நின்ற பிறகும் இரண்டு நாள் விடாதீர்கள். இன்னொன்று, ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் எடுத்து, தேதி எழுதி, ஃப்ரிட்ஜில் மூன்று நாள் வையுங்கள். ஏதாவது ஆனால் 'என் சாம்பாரில் இல்லை' என்று நிரூபிக்க உங்களிடம் வேறு எதுவும் இருக்காது.

என் மாமியார் ஒரு இல்லத்தில் இருக்கிறார். மாதம் ஒரு தடவை யூரின் கல்ச்சர் எடுக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் 'இன்ஃபெக்‌ஷன்' என்று ஆன்ட்டிபயாடிக் கொடுக்கிறார்கள். அவருக்கு எரிச்சலும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இது சரியா?
(வாசகி, திருச்சி)

சரியில்லை. பராமரிப்பு இல்லங்களில் இருக்கும் வயதான பெண்களில் 25 முதல் 50 சதவீதம் பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலேயே சிறுநீரில் பாக்டீரியா இருக்கும். சிறுநீர்க் குழாய் போட்டு ஒரு மாதம் ஆனவர் என்றால் ஏறக்குறைய எல்லாருக்குமே இருக்கும். அது இருப்பு, நோய் இல்லை. தொந்தரவு இல்லாதவருக்குக் கல்ச்சரே எடுக்க வேண்டாம். எடுத்தால் வரும், வந்தால் கொடுக்கத் தோன்றும்.

கொடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பீர்கள். ஒவ்வொரு கோர்ஸும் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைத் துடைத்துவிடும், அந்தக் காலி இடத்தில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்று ஒன்று வந்து உட்காரும், பேதியில் ஆரம்பித்துக் குடலையே புண்ணாக்கிவிடும். ஸ்காட்லாந்தில் வேல் ஆஃப் லீவன் என்ற மருத்துவமனையில் 2007, 2008இல் 143 பேருக்கு இது வந்தது. 34 பேரின் மரணத்தில் இதற்குப் பங்கு இருந்தது. பெரும்பாலும் வயதானவர்கள். லார்ட் மக்லீன் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி நடத்திய விசாரணையின் அறிக்கை 2014இல்தான் வந்தது, இறந்தவர்களின் குடும்பங்கள் விடாமல் கேட்டதன் பலன் அது. ஒவ்வொரு வார்டிலும் பேதியைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால், எல்லாம் சேர்ந்து ஒரு பரவல் என்று யாருக்கும் தோன்றாது. நான் மேலே ஒரு தாளைப் பற்றிச் சொன்னேனே, அது இல்லாத இடத்தில் இப்படித்தான் ஆகும்.

இந்தக் கிருமியின் வித்துகளைச் சாராய சானிடைசர் கொல்லாது. வாசலில் பாட்டில் தொங்கவிட்டதோடு திருப்திப்படாதீர்கள், சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், தரைக்கும் கழிப்பறைக்கும் பிளீச்சிங். மாமியாரின் டாக்டரிடம் சண்டை போட வேண்டாம், 'அறிகுறி இல்லாமல் கல்ச்சர் ஏன் எடுக்கிறோம்?' என்று மட்டும் பணிவாகக் கேளுங்கள். ஆனால் திடீர்க் காய்ச்சல், நடுக்கம், இடுப்பு வலி, எரிச்சல் வந்தால் அது வேறு கதை, உடனே காட்டுங்கள்.

இவ்வளவு விசாரித்தும் கடைசி வரை காரணம் தெரியாமல் போனது உண்டா?
(வாசகர், புதுச்சேரி)

உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2015 நவம்பரிலிருந்து எலிசபெத்கிங்கியா அனாஃபிலிஸ் என்ற, பல டாக்டர்களே கேள்விப்பட்டிராத பாக்டீரியா ரத்தத்தில் தெரிய ஆரம்பித்தது. கொசுவின் குடலில் முதலில் கண்டதால் அந்தப் பெயர், ஆனால் கொசுவால் பரவியதாக எந்தத் தடயமும் இல்லை. 63 பேருக்கு உறுதியானது, 18 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் 65 வயதுக்கு மேல், வேறு பெரிய நோய்களும் உள்ளவர்கள். ஒரே இல்லத்தில் இல்லை, பல மாவட்டங்களில் சிதறி இருந்தார்கள். முழு மரபணுவையும் படித்துப் பார்த்தால் எல்லாம் ஒரே வம்சம். அப்படியென்றால் பொதுவான ஒரு மூலம் எங்கோ இருக்க வேண்டும். குடிநீர், ஆஸ்பத்திரிப் பொருட்கள், உடம்புக்குப் போடும் லோஷன் வகைகள் என்று நோயாளிகளின் வீடு வரை போய்ப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. 2016இல் தானாக அடங்கியது.

கண்டுபிடித்தாலும் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. இல்லினாய் மாநிலத்தில் குவின்சி ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான இல்லத்தில் 2015இல் லெஜியனெல்லாவால் 12 பேர் இறந்தார்கள். தண்ணீர் சுத்திகரிப்பை மாற்றி அமைத்தார்கள், அதற்கு அடுத்தடுத்த வருடங்களிலும் புது நோயாளிகள் வந்தார்கள். பழைய கட்டடத்தின் குழாய்க்குள் ஊறிய படலத்தை விரட்டுவது அவ்வளவு லேசில்லை.

அப்பாவை அடுத்த மாதம் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் சேர்க்கிறோம். ரூம், சாப்பாடு எல்லாம் பார்த்துவிட்டோம். நீங்கள் சொல்லும் விஷயங்களில் எதைக் கேட்டு வர வேண்டும்?
(வாசகர், கோயம்புத்தூர்)

பளபளக்கும் தரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'யாருக்காவது பேதியோ காய்ச்சலோ வந்தால் எதில் எழுதுவீர்கள்?' என்று கேளுங்கள். ஒரு நோட்டை எடுத்துக் காட்டினால் பாதிக் கவலை விட்டது. 'இங்கே அப்படியெல்லாம் யாருக்கும் வந்ததே இல்லை' என்று சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது. அடுத்து, பார்த்துக்கொள்ளும் ஆயாக்களுக்கும் அண்ணன்களுக்கும் உடம்பு முடியாத நாளில் சம்பளம் உண்டா என்று கேளுங்கள். நிர்வாகி முகம் சுளிப்பார், பரவாயில்லை. சம்பளம் பிடித்தால் அவர்கள் பேதியோடு வேலைக்கு வருவார்கள், வந்து உங்கள் அப்பாவுக்குச் சோறு ஊட்டுவார்கள். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. ஒரு ஆளுக்கு இரவில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள், இருபது பேரைப் பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் நடுவில் கை கழுவுவார் என்று எதிர்பார்ப்பது நம் ஆசை மட்டும்தான்.

உங்கள் ஊர்ப் பக்கம் மாடியில் சோலார் ஹீட்டர் நிறைய. மழைக் காலத்தில் அந்தத் தொட்டித் தண்ணீர் நாள்கணக்கில் வெதுவெதுப்பாகவே நிற்கும், லெஜியனெல்லாவுக்கு 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் சுகம். தொட்டியை 60 டிகிரிக்கு ஏற்றும் மின்சார ஹீட்டரும் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், ஆனால் அந்தச் சூட்டில் குழாய் வழியே நேராக வந்தால் அப்பாவுக்குத் தோல் வெந்துவிடும், குளியலறைப் பக்கம் கலந்து வர வேண்டும். நாள்கணக்கில் யாரும் திறக்காத ஷவரைப் புது ஆள் வருவதற்கு முன் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வைக்கச் சொல்லுங்கள். ஃப்ளூ தடுப்பூசியும் நிமோகாக்கல் தடுப்பூசியும் சேரும் முன்பே போட்டுவிடுங்கள்.

சேர்ந்த பிறகு மூன்று நாலு பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏதாவது வந்து, நிர்வாகம் மூடி மறைப்பது போலத் தெரிந்தால், மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், எங்கே சொல்வது என்று தெரியவில்லை என்றால் 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு அடித்துக் கேளுங்கள். நோய்ப் பரவலைக் கண்காணிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு பிரிவு இருக்கிறது, அவர்கள் வர வேண்டியவர்கள்தான்.

அப்புறம் ஒன்று, இது உங்கள் வேலை. சேர்ப்பதற்கு முன் ஒரு வாரம், அப்பா நன்றாக இருக்கும்போதே, காலையும் மாலையும் வாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து அந்த எண்களை அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவருடைய சாதாரணச் சூடு 97 என்றால், 99 காட்டும்போது டியூட்டி நர்ஸ் 'நார்மல்தான்' என்று தெர்மாமீட்டரை உதறி வைத்துவிட்டுப் போகக் கூடாது.